விடுன்னுதான் சொன்னேன்

ராயபுரத்தில் அந்த அம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான்: "அந்தம்மா வாயில பொய்யே வராது." நானும் அதையேதான் சொல்வேன். சொல்லிவிட்டு ஒரு தரம் காறித் துப்புவேன்.

மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டும். நாலு வருஷம் அந்த வீட்டு உப்பைத் தின்றவன் நான். ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. அவள் என்றே எழுதுகிறேன். குதிரை லகானைப் பிடித்திருந்த கையில் மோட்டார் ஸ்டீரிங்கைக் கொடுத்தது அவள்தான். ஒரே ஒரு வார்த்தையால் அதைப் பிடுங்கினதும் அவள்தான். அந்த வார்த்தையும் பொய் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தாள். தெற்கே கோவில்பட்டிப் பக்கத்துக் குடும்பம். வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, முதுகை வளைக்காமல் உட்காருகிற உட்கார்வு. மிளகாய் நெடியில் மண்டிக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் தும்மித் தும்மிக் கண் சிவந்து நிற்பான். அவள் தும்மி நான் பார்த்ததில்லை.

புருஷன் செத்த பதினாறாம் நாளே அவனுடைய தம்பி வந்து, "பொம்பளைக்கு எதுக்கு மதினி மண்டி? நான் பாத்துக்கிடுதேன்" என்றானாம். "பாத்துக்கோ. தள்ளி நின்னு பாத்துக்கோ" என்றாளாம் இவள். அவனும் அன்றிலிருந்து தள்ளி நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தான், எப்போது இவள் கால் இடறும் என்று. அதை இவளும் அறிவாள். இந்தக் கொழுந்தனை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பேசுகிற விதமே அதுதான். சொல்கிறது உண்மையாக இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு பக்கம் இருக்கும். எந்தப் பக்கம் கேட்கிறவனுக்கு, எந்தப் பக்கம் தனக்கு என்று அவள்தான் முடிவுசெய்வாள்.

மண்டிக் காவல்காரனின் குடிசை மழைக்கு ஒழுகியது. "அம்மா, ஓலை மாத்தணும், கொஞ்சம் பாருங்கம்மா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பாக்குதேன்" என்றாள். அவனும் நம்பிப் போனான். மறுநாள் காலையில் நேரே குடிசைக்கு வந்தாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். தரையில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள். "பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மண்டியில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது இப்போது. காவல்காரன் அந்த மழைக்காலம் முழுக்கச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தான்.

இன்னொரு தடவை, மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க விசாரித்து வந்தார்கள். "பையன் எப்படிம்மா?" என்று கேட்டார்கள். "எங்கண்ணு முன்னால அவன் குடிச்சதே இல்ல" என்றாள். நிஜம்தான். அந்தப் பையன் அவள் கண்ணுக்குப் பின்னாலும் குடித்தவன் இல்லை. வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வேண்டுமென்று சொன்னாளா, நல்லதாகவே நினைத்துச் சொன்னாளா? அதை அன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, இன்றும் முடியவில்லை.

சும்மா கெட்டவளாகவே இருந்துவிட்டால் நிம்மதியாகத் திட்டிவிட்டுப் போவேன். என் சம்சாரம் முதல் பிரசவத்தில் படுத்திருந்தபோது சுக்கும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவள் அவள். பத்துப் பேருக்குப் பொதுவான அந்த முற்றத்தில் முக்காடு போட்டுக் கொண்டு உட்கார்ந்து, எப்படி லேகியம் கிளறுவது என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் வீட்டு ஜட்கா குதிரைவண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என்னை மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பி, போலீஸ் ஆபீசில் லைசென்சு வாங்க வைத்ததும் அவள். அதற்கப்புறம்தான் புது மோட்டார் வாங்கினாள்.

கப்பலில் பெட்டியில் வந்து இறங்கிய வண்டி. மவுண்ட் ரோடு கம்பெனியில் கறுப்பு மின்ன மின்ன நின்றது. வண்டியைப் பார்க்கக் கொழுந்தனும் வந்திருந்தான். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மதினி, உங்களுக்கு ஜட்கா போதாதா? மோட்டாரு உங்க கையில தங்காது" என்றான். அவள் கற்பூரத்தை ஏற்றி வண்டியைச் சுற்றத் தொடங்கினாள்.

அவள் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக் குமாஸ்தா இந்தப் பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "புது எஞ்சின் அப்பா. இரும்பும் இரும்பும் உரசிப் பழகும்போது பொடி உதிரும். அதெல்லாம் அடித்தொட்டியில் இருக்கும் எண்ணெயில் போய்ச் சேரும். அதனால் முதல் ஐந்நூறு மைல் ஓடியதும் அந்த எண்ணெயை முழுக்கக் கீழே வடித்துவிட்டுப் புதுசு ஊற்றிவிடு. அப்புறம் ஆயிரம் மைலுக்கு ஒரு தரம். மறந்தால் எஞ்சின் இறுகிப்போகும். கம்பெனி வெள்ளைக்காரத் துரை உன்னைத்தான் கேட்பார்." ஊரில் யார் டிரைவர் வைத்துக்கொண்டாலும் முதலில் அந்தத் துரையிடம்தான் விசாரிப்பார்கள். அவர் தலையாட்டினால் வேலை. உதட்டைப் பிதுக்கினால் ஜென்மத்துக்கும் வேலை இல்லை. ஆகவே அந்த ஐந்நூறை நான் மந்திரம் மாதிரி மனசில் வைத்திருந்தேன்.

ஐந்நூறும் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் திருவொற்றியூர்க் கோவில், மற்ற நாளில் யானைக்கவுனி, கொத்தவால் சாவடி என்று ஓடியே வந்துவிட்டது. காலையில் போய் நின்றேன்.

"அம்மா, ஐநூறு மைலு ஆயிடுச்சிம்மா. அடியில கீற ஆயிலை எடுத்துட்டு புதுசு ஊத்தணும். கம்பெனில சொல்லிக்கிறாங்கோ."

"புது வண்டில. அதுக்குள்ள என்ன அழுக்கு?"

"புதுசுலதாம்மா ஜாஸ்தி. இரும்புத் தூள் எறங்கும்."

அவள் ஷெட்டுக்கு வந்தாள். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவச் சொன்னாள். கோடு வரைக்கும் எண்ணெய் இருந்தது. "நிறைய இருக்கே. குறையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எழுநூறில் கேட்டேன். "கொட்டிட்டா நாளைக்கு வேணும்னா எங்க போவ?" என்றாள். தொள்ளாயிரத்தில் ஒரு வெள்ளைத் துணியில் கம்பியைத் துடைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். எண்ணெய் கறுத்திருந்தது. அதில் பொடிப் பொடியாக மினுக்கியது. "பாருங்கம்மா, இரும்பு. கலீஜா பூடுச்சி. இத உள்ளாற வெச்சிகினு ஓட்னா எஞ்சினைத் தின்னுடும்மா" என்றேன். துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் யோசனை வந்தது அவள் முகத்தில். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஆயிலை உட்டுடலாமாம்மா?" என்றேன்.

"விடு" என்றாள்.

சாவிக்கொத்தை எடுத்துச் சாமான் அறையைத் திறந்து எண்ணெய் டின்னையும் எடுத்துக் கொடுத்தாள். நான் சந்தோஷமாக வண்டிக்கு அடியில் சட்டியை வைத்து, படுத்து, அடித்தொட்டித் திருகில் ஸ்பானரைப் போட்டேன். இரண்டு சுற்றுத் தளர்த்தியிருப்பேன். எண்ணெய் சொட்டத் தொடங்கியது. தலைமாட்டில் அவள் கால் தெரிந்தது.

"ஏல! நிறுத்துல! நல்ல எண்ணெயைக் கீழ விடுதியே, கிறுக்கா உனக்கு?"

"நீங்கதானம்மா விடுன்னு சொன்னீங்கோ!"

"விடுன்னா மேல விடுல. எங்க ஊருல எண்ணெய் விடுன்னா ஊத்துன்னுதான் அர்த்தம். விளக்குல எண்ணெய் கறுத்தா விளக்கையா கவுக்கோம்? மேல மேல விடுதோம், அது பாட்டுக்கு எரியுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் அடியில் படுத்தபடியே சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் எண்ணெயை 'ஊத்து' என்போம். 'உடு' என்றால் போக விடு என்று அர்த்தம். அவள் ஊரில் 'விடு' என்றால் ஊற்று. இந்த ஒரு வார்த்தைக் குழப்பத்தை அன்று முழுக்க மண்டியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சமையல்காரியிடம்கூடச் சொன்னாள். நான் திருகை இறுக்கிவிட்டு, அவள் சொன்னபடி மேலே கொஞ்சம் ஊற்றினேன்.

அப்புறமும் இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன். "திரும்பத் திரும்ப என்னல பேஜாரு பண்ணுத?" என்று எங்கள் பாஷையையே எடுத்து என்மேல் வீசினாள். அவளுக்குத் தெரியாமல் மாற்றியிருக்கலாமே என்று பின்னால் என் மச்சான் கேட்டான். டின் அவள் அறையில், சாவி அவள் இடுப்பில். ஆனாலும் எங்கேயாவது கடன் சொல்லி ஒரு டின் வாங்கியிருக்கலாம்தான். வாங்கவில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எனக்குள்ளும் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. என்மேல் எனக்கு இருக்கிற கோபம் அதற்குத்தான்.

மைல் இரண்டாயிரத்தைத் தாண்டியது. ஒரு நாள் கொழுந்தனை எண்ணூர் வரை காற்று வாங்கக் கூட்டிப்போனாள். காற்றாவது ஒன்றாவது. மோட்டார் இன்னும் தன் கையில் தங்கியிருக்கிறது என்று அவனுக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். எர்ணாவூர் தாண்டியதும் எஞ்சினுக்குள்ளே டக் டக் என்று ஒரு சத்தம். நிறுத்தலாம் என்றேன். "ஓட்டு" என்றாள். கொழுந்தன் பக்கத்தில் இருக்கும்போது வேறென்ன சொல்வாள்? அரை மைல் போவதற்குள் ஒரு கிறீச்சல், புகை, அப்புறம் ஒன்றுமில்லை. இறங்கி, எஞ்சினைக் கிளப்புகிற கைப்பிடியை முன்னால் போட்டுச் சுழற்றினேன். அசையவில்லை. எஞ்சின் இறுகிப்போயிருந்தது.

மணலும் உப்பங்கழியும் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. உப்பு மூட்டை ஏற்றி வந்த மாட்டு வண்டி ஒன்றை நிறுத்தினேன். மூட்டைமேல் ஏறி, அப்போதும் முதுகு வளையாமல் உட்கார்ந்துகொண்டாள். கொழுந்தன் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கம்பெனியில் எஞ்சினைத் திறந்தார்கள். அடித்தொட்டியில் எண்ணெய் இல்லை, தார் மாதிரி கறுத்த கீல்தான் இருந்தது. துரை அதை ஒரு குச்சியால் எடுத்துக் காட்டினார். குமாஸ்தா தமிழில் கேட்டார். அறையில் அவள், கொழுந்தன், நான்.

"ஐந்நூறு மைலுக்கு எண்ணெயை மாற்றச் சொல்லியிருந்தோம். மாற்றவே இல்லை என்கிறார் துரை. டிரைவர் உங்களிடம் கேட்டானா, இல்லையா?"

எனக்குப் பயமே இல்லை. பொய் சொல்லாத வாய் அல்லவா? அவள் உண்மையைச் சொல்வாள், நான் தப்பித்தேன் என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அவள் முதலில் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் அதே சிரிப்போடு உட்கார்ந்திருந்தான். அப்புறம் குமாஸ்தாவைப் பார்த்தாள்.

"கேட்டான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"விடுன்னுதான் சொன்னேன்."

குமாஸ்தா அதை இங்கிலீஷில் துரைக்குச் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துரையின் முகம் என் பக்கம் திரும்பிய விதம் தெரிந்தது. அம்மாள் எண்ணெயைக் கீழே விடச் சொன்னாள், இந்தச் சோம்பேறி விடவில்லை. அவ்வளவுதான் அங்கே போய்ச் சேர்ந்தது.

"மேலங்க! மேல உடச் சொன்னாங்கோ! கீழ உட்டதை நிறுத்துனதே இவுங்கோதாங்க!" என்று கத்தினேன்.

"எண்ணெயைப் பற்றிக் கேட்டால் மேலே கீழே என்று என்னப்பா உளறல்?" என்றார் குமாஸ்தா.

"அம்மா, நீங்களே சொல்லுங்கோம்மா! அன்னிக்கி ஷெட்டுல இன்னா சொன்னீங்கோ?"

"விடுன்னுதானல சொன்னேன். இல்லைன்னு சொல்லு பாப்போம்" என்றாள், என் கண்ணைப் பார்த்தே. எப்படி இல்லை என்று சொல்வது? சொல்லித்தானே இருந்தாள்.

கொழுந்தன் சிரிப்பு நின்றுவிட்டது. "மதினி வாயில பொய் வராது துரை" என்று அவனே சாட்சி சொன்னான். ஊரே சொல்வதை மறுக்க முடியாமல் சொல்ல வேண்டியதாகிவிட்டது அவனுக்கு. துரை ஏதோ எழுதினார். நான் எவ்வளவு கத்தினாலும் அதற்கப்புறம் பயனில்லை. ஆள் வைத்து என்னை வெளியே தள்ளினார்கள்.

அதோடு விட்டிருந்தால்கூட, கொழுந்தன் முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவசரத்தில் அப்படிச் சொல்லிவிட்டாள் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருப்பேன். ஒரு மாசம் கழித்து அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். சண்டைக்குப் போகவில்லை நான், கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டேன். "தொரையாண்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோம்மா. வேற எங்கயும் சேத்துக்க மாட்டேன்றாங்கோ."

"சொல்லுதேன்" என்றாள்.

சொல்லவும் செய்தாள். இவன் குடிக்கமாட்டான், வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவான், குதிரையை அடிக்கமாட்டான் என்று சொன்னாளாம். குமாஸ்தாவே என்னிடம் சொல்லிச் சிரித்தார். எண்ணெயைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

அதைவிட ஒன்று உண்டு. வண்டிக்கு எஞ்சினைச் சரிபண்ணி, வேறு டிரைவர் போட்டுக்கொண்டாள். அவன் எனக்குத் தெரிந்த பையன்தான், தண்டையார்பேட்டைக்காரன். ஐந்நூறாவது மைலில் அவன் கேட்பதற்கு முன்னால் அவளே ஷெட்டுக்கு வந்து நின்றாளாம். சட்டியைத் தன் கையாலேயே வண்டிக்கு அடியில் தள்ளிவிட்டு, "கீழ விடு" என்றாளாம். "கீழ" என்று அழுத்திச் சொன்னாளாம். அதைக் கேட்ட அன்று நான் சோறு தின்னவில்லை. தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். என் சம்சாரம் பருக்கைகளைப் பொறுக்கினாள்.

நான் துறைமுகத்தில் கரி அள்ளப் போனேன். கப்பலிலிருந்து இறங்குகிற மோட்டார்ப் பெட்டிகளைக் கரி மேட்டில் நின்று பார்ப்பேன். என்னிடம் லைசென்சு இருந்தது. மடித்து மடித்து நாலாகக் கிழிந்துபோகும்வரை இருந்தது.

நாலைந்து வருஷம் போயிருக்கும். மண்டிக் காவல்காரன் வந்து, அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள், உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றான். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் சாகப்போகிறவள் உண்மையைச் சொல்லிவிட்டால்? கொழுந்தன் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், அவன் துரைக்குச் சொல்லுவான். அந்த ஆசையில்தான் போனேன்.

கட்டிலில் சுருங்கிக் கிடந்தாள். முதுகு வளைந்துவிட்டிருந்தது. கொழுந்தன் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். சாவிக்கொத்து இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. கரி படிந்த என் கையை வெகுநேரம் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"எம்மேல இருந்த கோவத்தை விட்டுட்டியால?" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குத்தான் கூப்பிட்டிருந்தாள். துரை இல்லை, எண்ணெய் இல்லை, தப்பு செய்தேன் என்கிற பேச்சே இல்லை. போகிற வழிக்கு என்னிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும் அவளுக்கு. எங்கள் பேச்சில் 'உட்டேன்' என்றுதான் வரும். வேண்டுமென்றே அவள் ஊர்ப் பேச்சில், எண்ணெய் விடுகிற அந்த 'விடு'வாகச் சொன்னேன்.

"விட்டேம்மா."

"நல்ல மனசுப்பா உனக்கு" என்றான் கொழுந்தன்.

அவள் மட்டும் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வண்டிக்கு அடியில் கிடந்த என்னைப் பார்த்து அன்று சிரித்தாளே, அதில் ஒரு துளி அவள் உதட்டோரத்தில் வந்தது.

"மேலயால, கீழயால?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டாள். என்னைத் தவிர யாருக்கும் புரியாதபடி ஒப்புக்கொண்டாள். "மதினிக்குப் பேச்சு குழறுது" என்று கொழுந்தன் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனான்.

"மேலதாம்மா" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு கரி அள்ளப் போனேன்.